கேசிங் (போன் கவர்) போட்ட போனுக்கு வர்ற கோளாறு: அறிகுறிய பாத்து சரி பண்றது எப்படி

மலேசியாவுல, பேராக் சுங்கை சிப்புட் டௌன்ல சின்னதா ஒரு போன் ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். சுத்தி ரப்பர், செம்பனைத் தோட்டம், வர்ற ஆளுங்க பால் வெட்டுறவங்க, செம்பனையில வேல செய்றவங்க, லோரி ஓட்டுறவங்க, அப்புறம் ஸ்கூல் பிள்ளைங்க. மாசத்துல எத்தனையோ தடவ அதே கேள்விதான் கேக்குறாங்க, "தம்பி, வாங்குன அன்னிக்கே கேசிங் போட்டுட்டேன், ஒரு நாள்கூட கழட்டுனதில்ல, அப்புறம் எப்படி இப்படி ஆச்சு?" அந்த "ஒரு நாள்கூட கழட்டுனதில்ல"ங்கிற வார்த்தையிலயே பாதி பதில் இருக்கு. கேசிங்குக்கும் போனுக்கும் நடுவுல போய் உக்காந்துக்கிற மண்ணு, வேர்வ, மழத்தண்ணி இதெல்லாம்தான் போன தேய்க்குது, அரிக்குது. இன்னொன்னு, உள்ள ஏதாச்சும் கோளாறு ஆரம்பிச்சா கேசிங் அத மூடி மறைச்சிடும், நம்ம கண்ணுல படுறப்போ செலவு பெருசாயிருக்கும்.

அதுக்காக கேசிங் வேணாம்னு சொல்ல வரல. சிமெண்டுத் தரையில வெறும் போன் விழுந்து கண்ணாடி நொறுங்கி வர்றத தினம் பாக்குறவன் நான், கேசிங் கண்டிப்பா போடுங்க. கோளாறு வந்தா எங்கேருந்து பாக்க ஆரம்பிக்கணும், எந்த இடத்துல கைய எடுத்துட்டு கடைக்கு வரணும், அத மட்டும் எழுதுறேன். உங்க போன்ல என்ன தெரியுதோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க.

## எந்தக் கோளாறா இருந்தாலும் மொதல்ல இது

கேசிங்க கழட்டுங்க. கழட்டுறப்போ ஒரு மூலையிலேர்ந்து கட்டவிரலால தள்ளி எடுங்க, கரண்டிக் காம்பு, கத்தி, ஸ்க்ரூ டிரைவர் எதுவும் உள்ள விடாதீங்க, கேசிங்னால வந்த கோட விட கழட்டுறப்போ கத்தி பட்டு வந்த கோடுதான் நான் அதிகமா பாத்தது. கழட்டிட்டு ஒரு முழு நாள் வீட்டுக்குள்ள மட்டும் வெறும் போனா பாவிச்சுப் பாருங்க (உப்புன போன், தண்ணி போன போன்னா இது வேணாம், நேரா அந்தத் தலைப்புக்குப் போங்க).

கோளாறு போயிடுச்சுன்னா: கேசிங்தான் காரணம், கீழ அந்தந்தத் தலைப்புல கேசிங்க என்ன பண்றதுன்னு இருக்கு.

அப்படியே இருக்குன்னா: கேசிங் மேல பழி போடாதீங்க, அந்தத் தலைப்புல அடுத்த காரணத்துக்குப் போங்க.

இந்த ஒரு நாள் சோதனைக்கு ஒரு சென் செலவில்ல, ஆனா இத பண்ணாமலே பேட்டரி மாத்துனவங்க, சார்ஜர் மாத்துனவங்க, ஏன் போனையே மாத்துனவங்ககூட இருக்காங்க, எனக்கு அது ரொம்ப வருத்தமா இருக்கும்.

## பின்னாடி கோடு கோடா இருக்கு, ஓரத்துல பெயிண்ட் போயிடுச்சு

அதிகமா வர்ற புகார் இதுதான்.

மொதல்ல அது நிஜமா கோடுதானான்னு பாருங்க. ஈரத்துணிய நல்லா பிழிஞ்சிட்டு தொடைங்க, அப்புறம் காய்ஞ்ச துணியால தொடைங்க. மிருதுவான கேசிங் உள்பக்கம் ஒட்டி ஒட்டி ஒரு படலம் மாதிரி விட்டிருக்கும், எண்ணெய் பட்ட கண்ணாடி மாதிரி திட்டுத்திட்டா தெரியும், அது தொடைச்சா போயிடும்.

தொடைச்சும் போகல, நகம் வெச்சு குறுக்கால இழுத்தா நகம் மாட்டல: மேலாப்புல விழுந்த கோடு. மண்ணுதான் காரணம். தோட்டத்து ரோட்டு செம்மண் தூசு கேசிங்கோட கேமரா ஓட்டை, சார்ஜர் ஓட்டை வழியா உள்ள போகும், போனது வெளிய வராது, பாக்கெட்டுல வெச்சுட்டு மோட்டார் சைக்கிள்ல குலுங்கிக் குலுங்கிப் போறப்போ உப்புத்தாள் போட்டு தேய்க்கிற மாதிரி நாள் பூரா தேய்க்கும். மணல் போன் கண்ணாடியவிட கெட்டி, அதனால "என் போன் கண்ணாடி ஸ்ட்ராங்கு தம்பி"ன்னு சொல்றதுக்கு இங்க வேலையில்ல. கேசிங்க பாத்திரம் கழுவுற சோப்பு போட்டு பழைய டூத் பிரஷ்ஷால உள்பக்கம் மூலையெல்லாம் தேய்ச்சுக் கழுவுங்க, அர நாள் காத்தாடிக்கு அடியில காய விடுங்க, நல்லா காஞ்சப்புறம்தான் மாட்டணும். தோட்டத்துல வேல செய்றவங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவ, ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு மாசம் ரெண்டு தடவ போதும்.

நகம் மாட்டுது, அதுவும் ஒரே எடத்துல வளைவா இருக்கு: கேசிங் தளர்ந்து போய் ஆடுது. போன கையில புடிச்சிட்டு கேசிங்க மட்டும் மெதுவா முறுக்கிப் பாருங்க, நகருதுன்னா அதோட ஆயுசு முடிஞ்சுது, கழுவிப் பிரயோஜனம் இல்ல, வேற வாங்குங்க. பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) வாங்குறதா இருந்தா போன கொண்டுட்டு போய் மாட்டிப் பாத்துதான் வாங்கணும், "ஏறக்குறைய இதே மாடல்தான்"னு குடுத்தா வாங்காதீங்க, ஏறக்குறைய இருக்கிறதுதான் ஆடும்.

நாலு மூலையில மட்டும் பெயிண்ட் உரிஞ்சிருக்கு: கெட்டி பிளாஸ்டிக் கேசிங். மாட்டுறப்பவும் கழட்டுறப்பவும் மூலைய சுரண்டிக்கிட்டே வரும். பெயிண்ட் அடிச்ச ஃபிரேம் உள்ள போனுக்கு வளையுற கேசிங் வாங்குங்க.

பெயிண்ட் கொப்புளம் மாதிரி எழும்பி உரியுது: வேர்வை. உள்ள போன வேர்வை காயாம கெடந்து பெயிண்ட்டுக்கு அடியில போயிருக்கு. இதுக்கு உரப் பொடியும் சேந்துச்சுன்னா இன்னும் மோசம். செம்பனைக்கு உரம் போடுற ஒரு அண்ணன் கொண்டு வந்த போன்ல கேசிங்க கழட்டுனா உள்ள வெள்ளையா உப்பு பூத்த மாதிரி இருந்துச்சு, ஓரத்து மெட்டல் புள்ளி புள்ளியா அரிச்சிருந்துச்சு. பொட்டாஷ் உரம்ங்கிறது உப்புதான, ஈரத்த இழுத்து வெச்சுக்கும், மெட்டல அரிக்கும். உரம் போடுற அன்னிக்கு போன ஜிப் வெச்ச பிளாஸ்டிக் பையில போட்டு கட்டிக்குங்க, வீட்டுக்கு வந்ததும் அன்னிக்கே கேசிங்க கழட்டி தொடைச்சிடுங்க, வாரக் கணக்கெல்லாம் இதுக்கு ஆகாது.

எப்ப கடைக்கு: கோடு, பெயிண்ட் இதுக்கெல்லாம் வர வேணாம், பெயிண்ட் அடிச்சுத் தர்றேன்னு யாராச்சும் சொன்னா காச குடுக்காதீங்க. பின்பக்கக் கண்ணாடியில விரிசல் இருந்தா மட்டும் வாங்க, ஏன்னா அந்த விரிசல் வழியா தண்ணி உள்ள போகும். கேசிங் போட்டு மறைச்சிட்டா சரியாயிடும்னு நெனச்சு அப்படியே விட்டவங்க அடுத்த மழைக்கு வந்துடுறாங்க.

## சார்ஜ் ஏறல, இல்ல கேபிள ஒரு பக்கமா அமுக்கிப் புடிச்சாதான் ஏறுது

கேசிங் இல்லாம கேபிள சொருகிப் பாருங்க.

கேசிங் இல்லாம ஒழுங்கா ஏறுது: கேசிங்கோட ஓட்டை சின்னது, இல்ல கேபிளோட தலை தடிப்பு. கேபிளோட மெட்டல் மூக்கு முழுசா உள்ள போகாம கொஞ்சம் வெளிய நிக்கும், பாதி தொட்டும் பாதி தொடாமலும் இருக்கிறதால அந்த எடம் சூடாகும், சூடாகி சூடாகி உள்ள பின் கருகிப் போயிடும். கருகிட்டா அப்புறம் எந்தக் கேசிங் மாத்தியும் பிரயோஜனமில்ல. பிளேடு வெச்சு ஓட்டைய கொஞ்சம் பெருசாக்கிக்கலாம், ஆனா கேசிங்க கழட்டி வெச்சுட்டு வெட்டுங்க, போன்ல மாட்டிக்கிட்டே வெட்டாதீங்க.

கேசிங் இல்லாமலும் ஏறல: வேற கேபிள், வேற சார்ஜர் போட்டுப் பாருங்க, பக்கத்து வீட்டுல வாங்கிப் போட்டாகூட போதும்.

வேற கேபிளும் ஏறல: டார்ச் அடிச்சு ஓட்டைக்குள்ள பாருங்க. கேசிங்கோட சார்ஜர் ஓட்டை ஒரு குழி மாதிரி இருக்கிறதால பாக்கெட்டு பஞ்சு, தூசு எல்லாம் அங்க சேரும், நம்ம ஒவ்வொரு தடவையும் கேபிள சொருகி அத உள்ளார அமுக்கி அமுக்கி கெட்டியாக்கிடுறோம். போன ஆஃப் பண்ணிட்டு மரப் பல்குத்தியால ஓரமா மெதுவா கிளறி எடுங்க. ஊசி, சேஃப்டி பின், சிம் குத்துற கம்பி வேணவே வேணாம். பாதிக்கு மேல இதுலயே சரியாயிடுது, கடைக்கு வந்தா நானும் இதத்தான் மொதல்ல பண்ணுவேன்.

பச்சையாவோ வெள்ளையாவோ ஏதோ பூத்திருக்கு, இல்ல கருகுன மாதிரி இருக்கு: நிறுத்துங்க. சார்ஜ் போடாதீங்க. கடைக்கு வர வேண்டிய எடம் இதுதான். சார்ஜர் பகுதிய மட்டும் மாத்துனா போதும்னா செலவு கட்டுப்படி ஆகும், அரிப்பு போர்டுக்குப் போயிடுச்சுன்னா பழைய போனுக்கு அந்தச் செலவு செய்யலாமா வேணாமான்னு உக்காந்து பேச வேண்டியதா போயிடும்.

## தண்ணி இருக்குன்னு எச்சரிக்கை வருது, இல்ல கேமராக்குள்ள பனி மாதிரி இருக்கு

மழையில நனைஞ்சா வெளிப்பக்கம் தொடைச்சிட்டு பாக்கெட்டுல வெச்சுடுறோம், கேசிங்குக்குள்ள போன தண்ணி எங்கேயும் போறதில்ல, மறுநாள் காலையில தோட்டத்துல ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்குப் போறப்பகூட உள்ள ஈரமாத்தான் இருக்கும்.

எச்சரிக்கை மட்டும் வருது: கேபிள புடுங்குங்க, கேசிங்க கழட்டுங்க, ஓட்டை கீழ பாக்குற மாதிரி புடிச்சு உள்ளங்கையில லேசா தட்டுங்க, காத்து படுற எடத்துல வைங்க. ஐபோனுக்கு ஆப்பிள் சொல்றது கொறஞ்சது 30 நிமிஷம், முழுசா காய 24 மணி நேரம்கூட ஆகலாம். ஹேர் டிரையர் புடிக்காதீங்க. அரிசி மூட்டைக்குள்ள போடாதீங்க, அரிசியோட சின்னச் சின்னத் துகள் உள்ள போய் போன கெடுத்துடும்னு ஆப்பிளே சொல்லியிருக்காங்க, நானும் சார்ஜர் ஓட்டையிலேர்ந்து குறுணை எடுத்திருக்கேன்.

மழையே இல்ல, தண்ணியும் படல, ஆனா எச்சரிக்கை வருது: வேர்வைதான். சட்டைப் பையில, இடுப்புல சொருகி வெச்சு வேல செய்றவங்களுக்கு வரும். அதே மாதிரி காய வைங்க, கேசிங்க கழுவிக் காய வைங்க.

ஒரு நாள் காய வெச்சும் எச்சரிக்கை போகல, இல்ல கேமராக் கண்ணாடிக்குள்ள ஆவி தெரியுது: ஆஃப் பண்ணுங்க, சார்ஜ் போடாதீங்க, அன்னிக்கே கொண்டு வாங்க. "எனக்கு தண்ணி தாங்குற ஐபி68 போன் தம்பி"ன்னு சொல்வாங்க, அந்த ரப்பர் அடைப்பு எல்லாம் நாளாக நாளாக, கீழ விழ விழ வலுவிழந்துடும், ரெண்டு மூணு வருஷம் பாவிச்ச போன அத நம்பி நனைக்காதீங்க. கேசிங்கும் தண்ணிய தடுக்கிறதில்ல, அதுக்குன்னே செஞ்ச மூடுன கேசிங் வேற.

## போன் சூடாகுது

சார்ஜ் போடுறப்போ மட்டும் சூடு: கேசிங்க கழட்டிட்டு சார்ஜ் போடுங்க. சில கேசிங் சூட்ட வெளிய விடாது, சூடு பேட்டரியோட ஆயுச கொறைக்கும், ஆப்பிளும் தன் போனுக்கு இதே யோசனையத்தான் சொல்லுது. தலையணைக்கு அடியில வெச்சு சார்ஜ் போடுற பழக்கம் நம்ம வீடுகள்ல நிறைய இருக்கு, கெட்டி கேசிங்கும் தலையணையும் சேந்தா கம்பளி மேல கம்பளி போத்துன மாதிரி. பிள்ளைங்களுக்கு இத சொல்லிக் குடுங்க.

வெயில்ல மட்டும் சூடு: மோட்டார் ஹேண்டில்ல மாட்டி மேப் போட்டுக்கிட்டு மத்தியானம் ஓட்டுனா எந்தப் போனும் சூடாகும், ஐபோன பாவிக்கிறதுக்கு ஆப்பிள் சொல்ற வெப்பம் 0லேர்ந்து 35 டிகிரி வரைக்கும்தான், நம்ம ஊரு வெயில் எப்பவும் அந்த எல்லையில நிக்கிற வெயிலு. நிழலுக்குப் போங்க, கேசிங்க கழட்டுங்க. ஐஸ் பெட்டிக்குள்ள வைக்காதீங்க, உள்ள தண்ணி கோத்துக்கும்.

வயர் இல்லாத சார்ஜர்ல மட்டும் சூடு: கேசிங்குல இரும்புத் தகடு, விரல் மோதிரம், கார்டு ஏதாச்சும் இருக்கா? காடியில (கார்ல) ஒட்ட வைக்கிற அந்தத் தகடு சார்ஜர் மேல வெச்சா அதுவே சூடாகும், சார்ஜும் ஏறாது. பர்ஸ் மாதிரி கேசிங்குல டோல் கட்டுற டச் அண்ட் கோ கார்டு, பேங்க் கார்டு வெச்சுக்கிட்டு வயர் இல்லாம சார்ஜ் போடாதீங்க, கார்டு கெட்டுப் போக வாய்ப்பிருக்கு.

கேசிங் இல்ல, சார்ஜும் இல்ல, சும்மா வெச்சாலே சூடு: செட்டிங்ஸ்ல பேட்டரிங்கிற பக்கத்துல எந்த ஆப் நிறைய இழுக்குதுன்னு பாருங்க, அத அழிச்சுட்டு போன ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அப்பவும் சூடுன்னா கடைக்கு. ஐபோன்ல பேட்டரி ஹெல்த் 80 சதவீதத்துக்குக் கீழ போயிருந்தா பேட்டரி மாத்துற நேரம் வந்துடுச்சு, கேசிங் மேல தப்பில்ல.

## கேசிங் திடீர்னு டைட்டா ஆயிடுச்சு, இல்ல ஸ்கிரீன் ஓரம் தூக்குது

இத தயவு செஞ்சு முழுசா படிங்க. மத்ததுக்கெல்லாம் காசுதான் போகும், இதுல வீடே போகலாம்.

போன மாசம் வரைக்கும் சரியா இருந்த கேசிங் இப்ப மாட்ட மாட்டேங்குது, ஓரம் வெளிய பிதுங்குது, ஸ்கிரீன் மேல ஒட்டுற டெம்பர்ட் கிளாஸ் ஒரு பக்கம் எழும்புதுன்னா பேட்டரி உப்புதுன்னு மொதல்ல சந்தேகப்படுங்க. கேசிங் இதுக்குக் காரணம் ஆகுறத விட, இத மறைக்கிறதுதான் அதிகம். கெட்டியா புடிச்சு வெச்சிருக்கிறதால வெளிய தெரியாம உள்ளயே உப்பிக்கிட்டு இருக்கும். தோட்டத்துலேர்ந்து ஒரு அக்கா, "கேசிங் ரொம்ப லூசு, வேற டைட்டா குடு தம்பி, ஸ்கிரீன் தூக்கிக்கிட்டே வருது"ன்னு கேட்டு வந்தாங்க. ஸ்கிரீன அமுக்கி வைக்க ரப்பர் பேண்டு வேற போட்டிருந்தாங்க. கழட்டிப் பாத்தா பின்பக்கம் தலையணை மாதிரி இருந்துச்சு. அத ராத்திரி சின்னப் பிள்ளை பக்கத்துல வெச்சு சார்ஜ் போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. எனக்கு அன்னிக்கு கை நடுங்கிடுச்சு.

சோதனை: கேசிங் இல்லாம போன சமமான மேச மேல ஸ்கிரீன் மேல பாக்குற மாதிரி வெச்சு விரலால லேசா சுத்தி விடுங்க. பம்பரம் மாதிரி நடுவுல நின்னு சுத்துதுன்னா பின்பக்கம் உப்பியிருக்கு. கேமரா மேடு இருக்கிற போன்ல இது சரியா தெரியாது, அப்ப ஓரத்துல டார்ச் அடிச்சு ஸ்கிரீனுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல இடைவெளி தெரியுதான்னு நாலு பக்கமும் பாருங்க.

டெம்பர்ட் கிளாஸ் மட்டும்தான் எழும்புது, போன் தட்டையா இருக்கு: பயமில்ல. கேசிங்கோட ஓரம் கிளாஸ தள்ளுது. சின்ன கிளாஸ் போடுங்க, இல்ல ஓரம் ஒல்லியான கேசிங் மாத்துங்க.

போன் உப்பியிருக்கு: ஆஃப் பண்ணுங்க. சார்ஜ் போடாதீங்க. அமுக்காதீங்க, குத்தாதீங்க, திரும்ப கேசிங் மாட்டாதீங்க. மெத்தை, திரை, பேப்பர் இல்லாத சிமெண்டுத் தரையிலயோ டைல்ஸ் மேலயோ வெச்சுட்டு, கடை தொறந்ததும் கொண்டு வாங்க, மோட்டார்ல வந்தா சீட்டுக்கு அடியில வெச்சு அமுக்காதீங்க. இதுல வீட்டுல செய்ற வைத்தியம்னு ஒன்னும் கெடையாது. யூடியூப் பாத்து நீங்களே தொறக்காதீங்க. கழட்டுன பேட்டரிய குப்பையில போடாதீங்க, கடையிலயே விட்டுட்டுப் போங்க.

## பேசுனா அந்தப் பக்கம் கேக்கல

வாய்ஸ் ரெக்கார்டர்ல கேசிங்கோட ஒரு தடவ, கேசிங் இல்லாம ஒரு தடவ பேசிப் பதிவு பண்ணி ரெண்டையும் கேட்டுப் பாருங்க.

கேசிங் இல்லாம நல்லா கேக்குது: மைக் ஓட்டைய கேசிங் மூடியிருக்கு. போனுக்கு கீழ ஒன்னு, மேல ஒன்னு, சிலதுல கேமரா பக்கத்துலயும் ஒன்னுன்னு மைக் இருக்கும், மலிவுக் கேசிங்குல கீழ மட்டும்தான் ஓட்டை விட்டிருப்பாங்க.

ரெண்டுலயும் மந்தமா இருக்கு: காய்ஞ்ச மெல்லிசு டூத் பிரஷ்ஷால ஓட்டைய மேலாப்புல தேய்ங்க. ஊசி விடாதீங்க, மைக் நேரா ஓட்டைக்குப் பின்னாடிதான் இருக்கும், ஒரு குத்துல போயிடும். பால் வெட்டுறவங்க போன்ல பால் சொட்டு பட்டு ஓட்டையில காஞ்சு போயிருக்கும், மேல இருக்கிறத விரலால உருட்டி எடுக்கலாம், உள்ள போனத எடுக்க முயற்சி பண்ணாம கொண்டு வாங்க.

ஸ்பீக்கர்ல போட்டா அந்தப் பக்கம் கேக்குது, காதுல வெச்சு பேசுனா அவங்களுக்குக் கேக்கல: ஒரு மைக்தான் போயிருக்கு, கடைக்கு வாங்க. இது பெரிய செலவு இல்ல.

## பட்டன் தானா வேல செய்யுது, ஸ்கிரீன் தானா அணையுது

தானா ஸ்கிரீன்ஷாட் எடுக்குது, சத்தம் தானா ஏறுது எறங்குது, போன் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி ஆன் ஆகுதுன்னா கேசிங் பட்டன அமுக்குது. கழட்டுனதும் நின்னுடும். இத சாதாரணமா விடாதீங்க, ஆண்ட்ராய்டு 12லேர்ந்து நிறைய போன்ல பவர் பட்டன 5 தடவ வேகமா அமுக்குனா அவசர உதவிக்குப் போற வசதி இருக்கு, டைட்டான கேசிங்கும் பாக்கெட்டும் சேந்து அடிக்கடி அமுக்குனா 999க்கே கால் போயிடும், நெசமா உதவி வேணும்ங்கிறவங்களுக்கு லைன் கெடைக்காம போகக்கூடாது.

கழட்டியும் நிக்கல: பட்டன் ஓரத்துல மண்ணு கெட்டியா இருக்கும், பிரஷ் போட்டுப் பாருங்க. அப்பவும் சரியாகலன்னா பட்டன் வயர் மாத்தணும், கடை வேல.

மூடி வெச்ச கேசிங் பாவிக்கிறவங்களுக்கு, மூடிய பின்னாடி மடிச்சுப் புடிச்சா ஸ்கிரீன் அணையும். மூடியில காந்தம் இருக்கு, போன் மூடிட்டாங்கன்னு நெனச்சுக்குது. போன்ல கோளாறு இல்ல.

பேசுறப்போ கன்னம் பட்டு கால் கட் ஆகுது: ஸ்கிரீன் மேல்பக்கம் இருக்கிற சென்சார கேசிங் ஓரமோ கிளாஸோ மூடியிருக்கு. ரெண்டையும் எடுத்துட்டு பேசிப் பாருங்க.

## போட்டோ மங்கலா வருது, கேமரா ஆடுது

ராத்திரி ஃபிளாஷ் போட்டா மட்டும் வெள்ளையா மூட்டமா வருது: மஞ்சளாப் போன, கண்ணாடி மாதிரி உள்ள தெரியுற கேசிங்கோட ஓரத்துல ஃபிளாஷ் வெளிச்சம் பட்டுத் திரும்புது. கேசிங் மாத்துனா போதும், கேமரா மாத்தணும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

பகல்லயும் மங்கல்: லென்ஸ் மேல ஒட்டுன கண்ணாடிய எடுத்துட்டுப் பாருங்க, அதுக்கும் லென்ஸுக்கும் நடுவுல தூசு போயிருக்கும்.

ஃபோகஸ் ஆகாம தடுமாறுது: கேசிங்குல காந்தம் இருந்தா எடுத்துட்டுப் பாருங்க. காந்தம் கேமராவோட ஃபோகஸ், ஆட்டத்த கட்டுப்படுத்துற பாகம் ரெண்டையும் தடுமாற வைக்கும், எடுத்துட்டா சரியாயிடும். மேப்ல அம்புக்குறி தப்பான பக்கம் காட்டுறதும் இதே காந்தத்தால வரலாம்.

காந்தம் இல்ல, கேசிங் இல்ல, ஆனாலும் படம் நடுங்குது, போன ஆட்டுனா உள்ள டக்கு டக்குன்னு சத்தம்: மோட்டார் ஹேண்டில்ல போன் மாட்டி ஓட்டுறவங்களா நீங்க? பெரிய மோட்டார் சைக்கிள் இஞ்சின் அதிர்வு ஐபோன் கேமராவ கெடுக்கலாம்னு ஆப்பிள் 2021 செப்டம்பர்ல எச்சரிச்சாங்க, சின்ன ஸ்கூட்டர் மாதிரி வண்டிக்குக்கூட அதிர்வ கொறைக்கிற மவுண்ட் போடச் சொன்னாங்க. நம்ம கப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) தோட்டத்துக் கல்லு ரோட்டுல போறப்போ எப்படி குலுங்கும்னு உங்களுக்கே தெரியும். தடிப்பான கேசிங் போட்டா அதிர்வு அடங்கிடும்னு நம்பாதீங்க. இந்தக் கோளாறு தானா சரியாகாது, கேமரா மாத்தணும், விலை அதிகம். நல்ல போனா இருந்தா ஈப்போவுல அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒரு விலை கேட்டுட்டு அப்புறம் என்கிட்ட வாங்க.

## கேசிங் போட்டப்புறம் லைன் (சிக்னல்) கொறையுது

இரும்பு, அலுமினியம் கேசிங்கா இருந்தா இருக்கலாம், காந்தத் தகடும் கொறைக்கும். வீட்டுல ஒரே எடத்துல நின்னு கேசிங்கோட ஒரு கால், இல்லாம ஒரு கால் போட்டுப் பாருங்க. சாதா பிளாஸ்டிக் கேசிங்னால லைன் போகாது. 2010ல ஐபோன் 4ல ஓரத்த கையால புடிச்சா லைன் போகுதுன்னு பிரச்சன வந்தப்போ ஆப்பிள் அதுக்குக் குடுத்த வைத்தியமே இலவசக் கேசிங்தான். கேசிங் இல்லாமலும் லைன் இல்ல, அதே கம்பெனி சிம் போட்ட பக்கத்து ஆள் போன்ல இருக்குன்னா சிம்ம மாத்திப் பாருங்க, அதுக்கப்புறம்தான் கடை.

## கேசிங் மஞ்சளாயிடுச்சு, பிசுபிசுன்னு ஒட்டுது

மஞ்சள் அழுக்கு இல்ல, வெயில்லயும் சூட்டுலயும் அந்தப் பிளாஸ்டிக்கே நெறம் மாறுறது. பற்பசை, குளோராக்ஸ் பிளீச் போட்டுத் தேய்ச்சு கை எரிய வேணாம். போனுக்குக் கெடுதல் இல்ல. ரப்பர் கேசிங்னு நம்ம சொல்றோமே தவிர அது நம்ம மரத்துப் பால் இல்ல, அதனால பால் ஷீட்ட பாத்துக்கிற மாதிரி பாத்துக்கிட்டா நிக்கும்னு எதிர்பாக்க முடியாது.

பிசுபிசுப்பு வேற விஷயம், மேல் பூச்சு கெட்டுப் போயிடுச்சு, மண்ண புடிச்சு புடிச்சு வெச்சுக்கும், தூக்கிப் போடுங்க. போன்ல ஒட்டுன பசைய 70 சதவீத ஆல்கஹால் லேசா நனைச்ச துணியால தொடைங்க. பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் படவே கூடாது, பூச்சு மொத்தமா போயிடும்.

## உள்ள தண்ணி ஓடுற மினுமினுப்புக் கேசிங் ஒழுகுது

ஸ்கூல் பிள்ளைங்க ஆசையா வாங்குறது. விரிசல் விட்டு ஒழுகுனா அன்னிக்கே எடுத்துடுங்க. 2017 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல இந்த மாதிரி ஐபோன் கேசிங் ஏறக்குறைய 263,000 திரும்ப வாங்குனாங்க, உள்ள இருந்த தண்ணி பட்டு தோல் எரிச்சலும் புண்ணும் வந்ததா புகார். கையில பட்டா சோப்பு போட்டு நிறைய தண்ணியில கழுவுங்க, செவந்து போனாலோ கொப்புளம் வந்தாலோ கிளினிக்குக்குப் போங்க, போன அப்புறம் பாத்துக்கலாம்.

## கேசிங் போட்டும் கீழ விழுந்து கண்ணாடி உடைஞ்சிடுச்சு

கேசிங்க மாட்டி போன குப்புற மேச மேல வைங்க, கேசிங்கோட ஓரம் கண்ணாடியவிட ஒசரமா நிக்கணும். ஒரு துண்டுப் பேப்பர கண்ணாடிக்கு அடியில விட்டா தடங்கல் இல்லாம போகணும். போகலன்னா ஓரம் தேய்ஞ்சுடுச்சு, இல்ல தடிப்பான கிளாஸ் ஒட்டி அந்த ஒசரத்த நீங்களே கொறைச்சுட்டீங்க, கேசிங் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

உடைஞ்சது டெம்பர்ட் கிளாஸா, போன் கண்ணாடியான்னு பாக்க ஒரு மூலைய லேசா நகத்தால தூக்கிப் பாருங்க, விரிசலும் கூடவே எழும்புனா கிளாஸ் மட்டும்தான், வேற ஒட்டிக்கலாம். எழும்பாம அடியில இருந்தா தொட வேணாம், அகலமான செல்லோ டேப் ஒட்டி மூடுங்க, படமெல்லாம் வேற எடத்துக்கு எடுத்து வெச்சுடுங்க, ஸ்கிரீன் தொட்டா கேக்குற வரைக்கும்தான் அதெல்லாம் எடுக்க முடியும், அப்புறம் கொண்டு வாங்க.